வெள்ளைத் தாள் ஒட்டிய உயில்

லெனோரா பாஸ்கெட்டுக்கு எழுபத்தொரு வயது. வர்ஜீனியாவின் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் குடியேறிகளின் வாரிசுச் சங்கத்துக்கு முப்பத்திரண்டு வருடமாக அவள்தான் பதிவாளர். இங்கிலாந்திலிருந்து 1635இல் கப்பலேறி வந்த ஆம்ப்ரோஸ் டிண்டல் எங்கள் பாட்டன் என்று எவள் வந்து நின்றாலும், தலைமுறைக்குத் தலைமுறை பத்திரம் காட்டி லெனோராவிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஒரு பிறப்புத் தாள் குறைந்தால்கூட ஈவிரக்கம் இல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவாள்.

மாதாமாதம் மதிய விருந்து நடக்கும். பிஸ்கட் என்று அங்கே சொல்லும் மெத்தென்ற குட்டி ரொட்டியில் பன்றித்தொடைக் கறி வைத்து மென்றுகொண்டே ஆம்ப்ரோஸின் வீரதீரங்களைப் பேசுவார்கள். அந்த மகானுபாவன் பக்கத்து வீட்டுப் பன்றியைத் திருடி அபராதம் கட்டியவன். அது பழைய வழக்குக் குறிப்பிலேயே இருந்தது. அதை மட்டும் எவளும் வாய் திறந்து சொல்லமாட்டாள்.

எல்லாருக்கும் ஆதாரம் ஒரே தாள்தான். ஆம்ப்ரோஸ் தன் கைப்பட எழுதிய உயில். பிள்ளைகளின் பெயர்களெல்லாம் அதில்தான் இருந்தன. நகல் எடுக்க லெனோரா முதன்முதலில் அதை நீதிமன்றத்திலிருந்து கொண்டுவந்த அன்று, சங்கத் தலைவி அகஸ்டா ஃப்ரேசர் குனிந்து படித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"இந்த நாலு வரியை மறைச்சுடு லெனோரா. வேண்டிய பேர் மட்டும் தெரிஞ்சா போதும். சாப்பிடுற இடத்துல எதுக்கு இந்த அசிங்கம்?"

லெனோரா வெள்ளைத் தாளில் ஒரு துண்டு வெட்டி, அந்த வரிகளின் மேல் ஒட்டி நகல் எடுத்தாள். அதிலிருந்து நகலுக்கு நகல் எடுத்து நாற்பத்து மூன்று கோப்புகளில் சேர்த்தாள். அவளுடையதும் அதில் ஒன்று. பிறகு ஒரு புயலில் ஆற்றுவெள்ளம் நீதிமன்றத்தின் நிலவறைக்குள் புகுந்து, மூல உயில் கூழாகிப்போனது. வேறு நகல் யாரிடமும் இல்லை.

போன மார்ச்சில் வெர்னிஸ் டிண்டல் வந்தாள். கறுப்பினப் பெண், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். தன் அப்பாவிலிருந்து முதல் மூதாதை ஹாரி டிண்டல் வரைக்கும் ஒன்றுவிடாமல் பத்திரம் வைத்திருந்தாள். லெனோரா பார்த்த கோப்புகளிலேயே அப்படிச் சுத்தமான கோப்பு கிடையாது.

"ஹாரியோட அப்பா யாருன்னு அந்த உயில்ல இருக்குன்னு எங்க வீட்டுல வழிவழியா சொல்லுவாங்க, மிஸ் லெனோரா. நீங்க என்னைச் சேத்துக்கங்க, சேத்துக்காமப் போங்க. அவர் கையால எழுதின அந்த வரியை என் கண்ணால ஒரு தடவை பாக்கணும். எனக்கு அவ்வளவுதான்."

லெனோரா கோப்பைத் திறந்தாள்.

"நடுவுல ஏன் வெள்ளையா இருக்கு?"

"தாள் ஒட்டியிருக்கு."

"எந்தப் புண்ணியவதி ஒட்டினது?"

"நான்தான்."

வெர்னிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அடியில என்ன இருந்துச்சு? ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஞாபகமா? லெனோராவுக்கு ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். 'என் அடிமைப் பெண் ஃபில்லிஸ் வயிற்றில் பிறந்த ஹாரி என் மகன் என்று ஒப்புக்கொள்கிறேன். இருபத்தோரு வயதில் அவனை விடுதலை செய்யவும். ஃபில்லிஸையும் இனி அவள் பெறும் பிள்ளைகளையும் என் மகள் சூசன்னாவுக்குக் கொடுக்கிறேன்.' அப்படியே ஒப்பித்தாள். தன் பிள்ளையைப் பெற்றவளைப் பெட்டி படுக்கையோடு சேர்த்து மகளுக்குத் தூக்கிக் கொடுத்தவன். சீ! அவன் பெயர் போட்ட சங்கப் பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு முப்பத்திரண்டு வருடம் பிஸ்கட் தின்றிருக்கிறாள்.

ஒட்டியது நான், மறைத்த வரிகள் இவை என்று சத்தியப் பத்திரம் எழுதி, அடுத்த மதிய விருந்தில் கமிட்டி முன் வைத்தாள். அகஸ்டா வாயிலிருந்த முட்டையை விழுங்கிவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஞாபகத்தை ஆதாரமா ஏத்துக்கக் கூடாதுன்னு விதி எழுதினவளே நீதானேடி!"

"வரியை மறைக்கச் சொன்னது நீ."

"மெதுவாப் பேசு. இதை ஏத்துக்கிட்டா நாப்பத்து மூணு பேரோட தாளும் கை வெச்ச தாள்னு ஆயிடும். உன்னுதும்தான். தெரியுதா?"

"ஆகட்டுமே. கை வெச்ச தாள்தானே!"

ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தி இன்னொரு பிஸ்கட்டை எடுத்து வெண்ணெய் தடவினாள். அந்த வழவழப்பைப் பார்க்கவே லெனோராவுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பாக இருந்தது தன் கை. அன்றைக்கு ஒரு கோணல்கூட இல்லாமல் அளவெடுத்து ஒட்டிய கை. ஓட்டெடுப்பில் வெர்னிஸின் மனு தள்ளுபடியானது.

மறுநாள் லெனோரா பள்ளிப் பேருந்துகள் நிற்கும் இடத்துக்குப் போய் வெர்னிஸிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"சங்கம் கிடக்குது விடுங்க," என்றாள் வெர்னிஸ்.

லெனோரா சத்தியப் பத்திரத்தை நீட்டினாள். "ஒரு எழுத்து விடாம எழுதியிருக்கேன், வெர்னிஸ். இதையாவது வெச்சுக்கங்க."

வெர்னிஸ் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். 'என் மகன்' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு தாளை மடித்து லெனோராவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது உங்க கையெழுத்தும்மா," என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.