புலி அணியின் ஐந்தாவது ஆள்

பியோ கும்ரானுக்கு நாற்பத்து மூன்று வயது. கொரியாவின் ஜியோன்ஜு நகரில் ஒரு முதியோர் மருத்துவமனையில் பதினோரு வருடம் மலம் துடைத்து, கிழவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தவள். ஒரு நர்ஸ் ஆள் மாற்றி மாத்திரை கொடுத்ததைச் சுட்டிக்காட்டியபோது, "நீ என்ன படிச்சிருக்கே?" என்று கேட்டார்கள். மறு வருடமே செவிலியர் படிப்பில் சேர்ந்தாள்.

மருந்தியல் வகுப்பை மியோங் பேராசிரியர் விளையாட்டாக்கியிருந்தார். அணிக்கு ஐந்து பேராக எட்டு அணிகள், வெள்ளிதோறும் கைபேசியில் வினாப்போட்டி. வந்திருப்பவர்களின் சராசரிதான் அணியின் மதிப்பெண். முதலிடத்துக்குப் பொரித்த கோழி; கடைசி இடத்துக்குத் திரை நிறைய அழுகிற பன்றிக்குட்டி. கும்ரானுக்கு மருந்துகள் அத்துப்படி. இருபது வினாடிக்குள் விரல்தான் ஓடவில்லை. அவளுடைய புலி அணி மூன்று வாரமாகப் பன்றிக்குட்டியிடமே கிடந்தது.

நான்காவது வாரம், அணித் தலைவி ஹாயுல் காபி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"முகமே வாடிப் போயிருக்கேக்கா. நாளைக்கு ரெஸ்ட் எடுங்களேன்."

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"இல்லக்கா, வராதவங்களைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. நீங்க வந்தாத்தான்... சராசரி படுத்துடுது."

"ஓ! நான் படுத்துக்கிட்டா புலி எந்திரிச்சிரும்."

"இந்தக் கிண்டல்தான்க்கா உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே!"

அவள் போகவில்லை. புலி ஜெயித்தது. கோழி எலும்புகளின் படத்தோடு, 'சீக்கிரம் குணமாகுங்க அக்கா' என்று செய்தி வந்தது. கும்ரான் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலுக்கு அனுப்பினாள். அனுப்பிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அடுத்த வெள்ளியும் வகுப்புக்குப் போகாமல், கல்லூரி வாசலுக்கு எதிர்க் கடையில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்தவள், பக்கத்து மேசையில் வகுப்புத் தோழர்கள் மூவரைக் கண்டாள். ஒருத்தி வியட்நாமிலிருந்து வந்து படிக்கும் துயென்.

"உனக்கும் காய்ச்சலா?"

"போன வாரம் காய்ச்சல். இந்த வாரம் வயித்து வலின்னு எங்க தலைவர் எழுதிக் கொடுத்திருக்காருக்கா."

நால்வரும் சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றது. கும்ரான் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க, உள்ள போவோம்."

வகுப்பில் அன்று வேறு கல்லூரிகளிலிருந்து வந்த பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், நாங்க நாலு பேரும் நோயாளிங்க இல்ல," என்றாள் கும்ரான். "சராசரி ஏறணும்னு எங்களை வெளிய நிறுத்தியிருக்காங்க."

ஹாயுல் கைபேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மியோங் பல் தெரியச் சிரித்தார்.

"பாத்தீங்களா! போட்டின்னு வந்துட்டா எவ்வளவு வேகம் வருது!"

விருந்தினர்கள் கை தட்டினார்கள்.

மறு வாரம் விதி மாறியது: வராதவருக்குப் பூஜ்யம். அதன்பின் வெள்ளிதோறும் காலை ஆறு மணிக்கே ஹாயுல் போனில் அதட்டினாள்: "வந்துடுவீங்கல்ல? எங்களைக் கவுத்துடாதீங்க!" கும்ரான் அணியே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். அதற்குரிய இருபது மதிப்பெண் போயிற்று. கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து படித்து, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தட்டுத் தடுமாறித் தேறினாள்.

மியோங்குக்குச் சிறந்த ஆசிரியர் விருது கிடைத்தது. நடைவழிப் பலகையில் குத்தியிருந்த விளம்பரத்தில், அன்று புகார் சொல்ல வாய் திறந்து நின்ற கும்ரானின் படம். கீழே 'துடிப்பான பங்கேற்பு' என்று எழுதியிருந்தது. எடுத்துவிடச் சொல்லி அலுவலகத்தில் கேட்டாள்.

"நல்லாத்தானேம்மா விழுந்திருக்கீங்க!" என்றார் எழுத்தர்.

அவள் திரும்பி வந்து, நான்கு குண்டூசிகளையும் நகத்தால் பிடுங்கி, தாளை மடித்துப் பழைய காகிதப் பெட்டியில் போட்டாள். பிறகு கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு வகுப்புக்குப் போனாள்.