கங்கப்பன் நின்ற பக்கம்

கங்கப்பன் சம்பளம் வாங்கிப் பந்தாடியவன். தடுப்பாட்டக்காரன். தடுப்பில் எந்த இடம் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லத் தயங்குவான். அவனை நிறுத்தாத இடமே இல்லை.

ஜவளகிரியிலிருந்து ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுப்பதைப் பார்க்கப் போனபோது அவனுக்கு மீசை சரியாக அரும்பவில்லை. கோச் சென்னகிருஷ்ணன் வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, “லெஃப்ட் பேக் யாருப்பா?” என்றார். ஒருவனும் கை தூக்கவில்லை. கங்கப்பன் தூக்கினான். வலது காலைத் தவிர வேறு காலால் அவன் பந்தைத் தொட்டதே கிடையாது.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க இடது காலில் மட்டும் பூட்ஸ் மாட்டினான். வலது காலில் ரப்பர் செருப்பு. பழக்கதோஷத்தில் வலது காலால் உதைத்தால் செருப்பு பந்துக்கு முன்னால் பறக்கும், கட்டைவிரல் வீங்கும். அம்மா சாந்தம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துவிட்டு, “செருப்புல பந்து ஒதைக்கிறவன இப்பதான் பாக்கறேன்” என்பாள். இடது கால் படிந்துவிட்டது.

பெங்களூரு கிளப் அவனை லெஃப்ட் பேக் என்று எடுத்தது. அடுத்த சீசனில் ரைட் பேக்குக்கு எலும்பு முறிந்தது. கங்கப்பன் வலப்பக்கம் போனான். கோவாவில் நடுவில் ஸ்டாப்பராக நிறுத்தினார்கள். தன்னைவிடத் தலை உயரமானவர்களோடு எகிறி எகிறி நெற்றியில் தையல் வாங்கினான். கொல்கத்தாவில் முழங்கால் சேற்றில் ஆடியபோது ஒருநாள் கோல்கீப்பரை நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். மாற்று ஆள் இல்லை. கங்கப்பன்தான் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றான். அன்று கோல் விழவில்லை. அந்தச் சேற்றின் வாடையும், ஆட்டம் முடிந்ததும் ஈர பெஞ்சில் எல்லோருமாக உட்கார்ந்து தின்ற முட்டை ரோலும் அவனுக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் இளசாகிவிடும்.

வீட்டில் இதற்கெல்லாம் மரியாதை இல்லை. அப்பா ஆஞ்சப்பன் கூலி வேலையை விட்டு ஃபேக்டரிக்கு வந்தவர். இந்த மாதம் பெயின்ட் ஷாப், அடுத்த மாதம் பேக்கிங், அதற்கடுத்து லோடிங் என்று மாற்றி மாற்றி நிறுத்தி, கடைசிவரை நிரந்தரம் ஆக்காமலே அனுப்பிவிட்டார்கள். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே ஜாதி: பர்மனென்ட், காண்ட்ராக்ட். மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“இந்த வாட்டி உன்ன எங்கடா நிக்க வச்சாங்க?”

“நடுவுலப்பா.”

“போன வாட்டி ஓரத்துல இல்ல? வேலை தெரிஞ்சவன எவன்டா எடம் மாத்துவான்? நீயும் காண்ட்ராக்ட்டுதான், போ.”

ஆட்டத்தைப் பார்க்க வாங்க என்றால் வரமாட்டார். காண்ட்ராக்ட் வேலையை வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது என்பார்.

முழங்கால் சவ்வு கிழிந்து கங்கப்பன் ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் அப்பா அம்மா இருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பிய வருடமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் நக்கல் குறையவில்லை. தூக்க, திருப்ப, துடைக்க எல்லாவற்றையும் கங்கப்பன் கற்றுக்கொண்டான். நாற்காலியை நல்ல கைப்பக்கம் போட வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். முதுகில் புண் வரவிடாமல் பார்த்துக்கொண்டான். அதுவே பெரிய காரியம்.

போன தை மாதம் சென்னகிருஷ்ணன் வீடு தேடி வந்தார். கங்கப்பனுக்காக ஒரு வழியனுப்பு ஆட்டம், அத்திப்பள்ளிக்காரர்களோடு. “இது உன் ஆட்டம் கங்கப்பா. எந்த எடம் வேணும்? நீயே சொல்லு.”

அப்படி யாரும் அவனைக் கேட்டதில்லை. மைதானத்தின் ஒரு பக்கம், நடுக்கோட்டுக்கு அருகில், ஒரு புங்கமரம் இருந்தது. நிழல் அங்கே மட்டும்தான். முதல் பாதியில் ரைட் பேக் ஓடுவது அந்த ஓரத்தில்.

“ரைட் பேக் சார்” என்றான். அப்பா ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இதை விட்டால் வேறு ஆட்டம் கிடையாது.

ஆஞ்சப்பனைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியைப் புங்கமரத்தடியில் நிறுத்தி, சாந்தம்மா பிரேக்கைப் போட்டாள். அப்போதுதான் லெஃப்ட் பேக் வெங்கட்டிடமிருந்து ஃபோன் வந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்தும் அவனை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வரவில்லை. ஆள் வராமல் மிஷினை விட்டு நகர முடியாது. இருப்பவர்களில் இடது கால் ஓடுகிறவன் ஒருவனும் இல்லை. சென்னகிருஷ்ணன் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கங்கப்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் லெஃப்ட்டுக்குப் போறேன் சார். பிரதாப் ரைட்ல ஆடட்டும்.”

சொல்லிவிட்டு மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்தான்.

முதல் பாதி முழுக்க அப்பாவுக்குப் புழுதிதான் தெரிந்தது. அவர் கேட்டதைச் சாந்தம்மா பிறகு சொன்னாள்.

“எங்கடி அவன்?”

“அதோ, அந்தக் கடைசில.”

“இங்க நிக்கறேன்னு சொன்னான்?”

“எடம் மாத்திட்டாங்களாம்.”

“கடைசி நாளும் காண்ட்ராக்ட்டுதான். வண்டியத் திருப்பு.”

இடைவேளை விசில் ஊதியதும் கங்கப்பன் திரும்பிப் பார்த்தான். நாற்காலி கேட்டைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. முழங்காலை மறந்து குறுக்கே ஓடினான்.

“அம்மா, நில்லு! பிரேக்கப் போடு. இனிமேல இந்தப் பக்கம்தான்.”

“மறுபடியும் மாத்திட்டாங்களா?” என்றார் ஆஞ்சப்பன்.

“இல்லப்பா. கோல் போஸ்ட்டுதான் மாறும். நான் அதே லெஃப்ட்டு. இப்ப அது உன் முன்னாடி வந்துடும்.”

“என்ன ஏமாத்தறியா?”

சாந்தம்மா குனிந்து அவர் துணி நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். “இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். உக்காரு. வந்ததே வந்துட்ட” என்று நாற்காலியைத் திருப்பினாள்.

இரண்டாம் பாதியில் கங்கப்பன் கைக்கெட்டும் தூரத்தில் ஓடினான். அத்திப்பள்ளிக்காரன் ஒருவன், மான் மாதிரி. முதல் தடவை தாண்டிப் போய்விட்டான். அவர்கள் ஆட்கள் “ஹோகு, ஹோகு!” என்று கன்னடத்தில் அவனைப் போகச் சொல்லிக் கத்தினார்கள். ஆஞ்சப்பன் இந்தப் பக்கமிருந்து, “விட்டுட்டான் பாரு! தூங்கு, நல்லா தூங்கு!” என்று குழறினார். அடுத்த தடவை கங்கப்பன் அவசரப்படவில்லை. உள்ளே போகும் வழியை அடைத்து, அவனை ஓரமாகவே ஓடவிட்டு, கோட்டுக்கருகில் இடது காலை நீட்டிப் பந்தைத் தட்டினான். பந்து போய் நாற்காலிச் சக்கரத்தில் முட்டியது. ஆஞ்சப்பன் நல்ல காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டார்.

“குடுப்பா. அவங்க த்ரோ.”

“அவங்களுக்கு எதுக்குடா? நீதான புடுங்கின?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பந்தை உருவ வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் வெங்கட் கம்பெனி யூனிஃபார்மோடு பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். சென்னகிருஷ்ணன் கோட்டோரம் வந்து கத்தினார். “கங்கப்பா! வெங்கட் லெஃப்ட்டுக்கு வர்றான். பிரதாப வெளிய எடுக்கறேன். நீ கேட்ட எடத்துக்கு நீ போ!”

ரைட் பேக் இப்போது அந்தக் கோடி. இத்தனை வருடத்தில் போ என்று சொன்ன இடத்துக்கெல்லாம் கங்கப்பன் போயிருக்கிறான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்று இடுப்பில் கை வைத்து நின்றான்.

“இல்ல சார். நான் இங்கயே நிக்கறேன். அவன அந்தப் பக்கம் போடுங்க.”

சென்னகிருஷ்ணன் ஒரு நொடி அவனைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வெங்கட்டை ரைட்டுக்கு அனுப்பினார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. சால்வை, மாலை, ஃபோட்டோ எல்லாம் ஆனபின் கங்கப்பன் வேனருகே அப்பாவை இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். முழங்கால் வீங்கியிருந்தது, இன்று ஐஸ் வைக்காமல் தூங்க முடியாது. அவர் நல்ல கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“லேட்டா வந்தானே, அவனுக்கு எது எடம்?”

“லெஃப்ட்டுதான்பா.”

“அந்தக் கோடில இல்ல ஆடினான்?”

“ஆமா. இன்னிக்கு ரைட்ல போட்டாங்க.”

“பாவம்” என்றார் ஆஞ்சப்பன், சீட்டில் சாய்ந்துகொண்டே. “காண்ட்ராக்ட்டு போல.”