மூன்றாம் வரிசையின் இரண்டு பலகைகள்

நாற்பத்திரண்டு பெண்களுக்கு இரண்டு பலகை. செய்யாறு தொழிற்பேட்டையில் உள்ள ஒரு ஷூ கம்பெனியின் மூன்றாம் தையல் வரிசையில் பல ஆண்டுகளாக இதுதான் நடைமுறை. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் மேசையருகே ஆணியில் தொங்கும் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் வெளியே போயிருந்தால் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும்.

ஆரணியை ஒட்டிய சேவூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஹெப்சிபா, அந்த வரிசையில் ஒன்பது ஆண்டுகள் தைத்தவள். பலகைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக இரண்டு முறை படுத்தவள். போன மாதம் அவளையே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். தையல் மிஷினிலிருந்து எழுந்து அந்த மேசைக்குப் போன முதல் பெண் அவள்தான். போன அன்றே பலகைகளைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேலாளர் ரஞ்சித்குமார் கத்தவில்லை.

"மூணு வாரம் பாக்கறேம்மா. தெனமும் எண்ணூறு ஜோடி வரணும். ஒரு நாள் கொறஞ்சாலும் பலகை ஆணிக்கு வந்துடணும்."

பதினேழு நாள் எண்ணூறு வந்தது. பதினெட்டாவது நாள், கெடுவின் கடைசிச் சனிக்கிழமை, விடியும்போதே ஹெப்சிபாவின் கையிலிருந்து டிபன் பாக்ஸ் மூடி நழுவி உருண்டு ஓடியது. வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்த கணவன் வின்சென்ட் சிரித்தான்.

"இன்னா, கல்யாணப் பொண்ணாட்டம் பதறிகினு இருக்கற?"

"உனக்கு இன்னா? நெனச்சா தறிய வுட்டு எழுந்து போற. எவன்கிட்டயாவது பலகை வாங்கறியா?"

வின்சென்ட் எழுந்து வந்து மூடியை எடுத்துக் கொடுத்தான்.

பத்து மணிக்கு மின்சாரம் போய் எல்லா வரிசையும் நாற்பது நிமிடம் நின்றது. சாப்பாட்டு நேரத்தில், ஜோடிக் கணக்கு காட்டும் திரையில் முந்நூற்றைம்பதுகூட இல்லை. ஹெப்சிபா டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை பறந்தது. யாரும் பேசவில்லை, யாரும் நிமிரவில்லை. மூன்று மணிக்கு ஐந்நூற்று எழுபது. இதே வேகம் போனால் நாலரைக்கு ஷிப்ட் முடிவதற்குள் எண்ணூறைத் தொட்டுவிடலாம்.

அப்போதுதான் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தாள். ஒவ்வொரு மிஷினுக்குப் பக்கத்திலும் ஒன்று. எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன. முதல் மிஷினில் சூர்யகலா காலைப் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

"சூர்யா, எப்பப் போன?"

"காலைல பஸ் ஏறதுக்கு முன்னாலக்கா."

"மத்தவங்க?"

"யாரும் போவல. பஸ்லயே பேசி வெச்சிக்கினோம். ஒரு நாள் தானே? உன் பேச்சு கீழ வுழக்கூடாதுன்னுதான்."

ஹெப்சிபா மேசையருகே இருந்த வெறும் ஆணியைப் பார்த்தாள். பலகைகள் பைக்குள் இருந்தன. ஆனாலும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கழிப்பறையில் இருப்பது நாலே அறை. இப்போது எல்லோரையும் அனுப்பினால் எண்ணூறு வராது. அனுப்பாவிட்டால் வரும். திரையைப் பார்த்தாள். சூர்யகலாவின் முகத்தைப் பார்த்தாள். குனிந்து அவளுடைய மிஷின் ஸ்விட்சை அணைத்தாள்.

"எழுந்திரு."

"ஐயோ, இன்னும் ஒன்றரை மணி நேரந்தான்கா. ஜல்தியா முடிச்சிட்டு..."

"எழுந்திருடி! நாலு நாலு பேரா போங்க. வந்து தண்ணி குடிங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னாக்கா இது பேஜாரு! முன்ன இருந்தவங்க போவாதன்னாங்க, இப்ப நீ போ போன்னு தொரத்தற!"

வரிசையே சிரித்தது. ஹெப்சிபா சிரிக்கவில்லை. அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

நாலரைக்கு எழுநூற்று எண்பத்தொன்று.

ரஞ்சித்குமார் வந்து பார்த்தார். "பத்தொம்பது கொறையுது. திங்கக்கெழம பலகைய மாட்டிடுங்கம்மா."

"கரண்ட் போயி நாப்பது நிமிஷம் நின்னுச்சி சார்."

"எல்லா லைனுக்கும்தான் நின்னுச்சி."

"நான் மாட்ட மாட்டேன் சார்." ஹெப்சிபா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவர் வாசலை நோக்கித் திரும்பினார். "அப்ப திங்கக்கெழம பத்து மணிக்கு என் ரூமுக்கு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் ஹெப்சிபா பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். சூர்யகலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமாக்கா?"

"வயித்துல கல்லு வெச்சிகினு தெச்சா எனக்கு நல்லதுன்னு யார்டி சொன்னது?"

சூர்யகலா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். சேவூர் வருவதற்குள், "நாங்க அடக்கிகினு தெச்சத திங்கக்கெழம நானே சாருகிட்ட வந்து சொல்றேன்" என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேலாளர் அறைக்கு இரண்டு பேர் போகிறார்கள்.