கெர்லிண்டே வாங்கி வந்த பிரெட்சல்

கெர்லிண்டேவுக்குப் பொறுமை என்ற சாமான் பிறவியிலேயே கிடையாது. ஜெர்மனியில், ரோய்ட்லிங்கன் ஊரில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் மாடிப்படி கூட்டும் முறை அவள் வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து வணக்கம் சொல்வதற்குள் படிகள் சுத்தமாகியிருக்கும். கணவர் ரைன்ஹோல்டு ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், முடிப்பது அவள்தான். மனுஷன் பாவம், கல்யாணமான நாளிலிருந்து பாதி வாக்கியத்திலேயே குடித்தனம் நடத்துகிறார்.

இந்த அவசரத்துக்கும் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி இருந்தது. பேக்கரிகளுக்கு, பிரெட்சல் என்ற முடிச்சு ரொட்டியை முறுக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனி. மாவுக் கயிற்றின் இரு நுனிகளையும் இரண்டு இரும்புக் கைகள் பிடித்துச் சுழற்றி, முடிச்சுப் போட்டு ஒட்டும். கைகளை ஆட்டிவைக்கும் புரோகிராம் ஒவ்வொரு கணக்கையும் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடித்தாக வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் முடிச்சு தவறிவிடும். எங்கே நேரம் வீணாகிறது என்று அளந்து, அதை வெட்டி எறிவதுதான் கெர்லிண்டேயின் உத்தியோகம். புரோகிராமில் அந்தக் கணக்கின் தலையில் ஒரு வரி, வாலில் ஒரு வரி சேர்ப்பாள். அவை ஒரு கம்பியில் மின்சாரத்தை ஏற்றி இறக்கும். கணக்கு எடுத்துக்கொண்ட நேரம், அந்த ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஓசிலாஸ்கோப் திரையில் மேடாகத் தெரியும். இயந்திரத்தை அனுப்புவதற்கு முன் அந்த அளவை வரிகளை நீக்கிவிடுவாள்.

கம்பெனியில் அவள் வேலை பார்க்கும் மாடியில் ஒரு சட்டம் உண்டு. போட்டவளும் அவளே. யாருடைய தப்பால் இயந்திரம் கெட்டதோ, அவர் காலையில் எல்லோருக்கும் வெண்ணெய் தடவிய பிரெட்சல் வாங்கி வர வேண்டும். அவள் மட்டும் ஒரு நாளும் வாங்கியதில்லை. அந்தத் திமிரை அவள் மறைத்ததும் இல்லை.

கெம்னிட்ஸ் ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஹென்ட்ரிக் எழுதிய பகுதியில், சும்மா காத்திருக்கும் ஒரு வரியைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“என்னய்யா இது? உன் புரோகிராம் எதுக்கு இங்க நிக்குது? பஸ் வரணுமா?”

“இல்ல கெர்லிண்டே, இரும்புக் கை நின்னதும் சென்சார்ல ஒரு நடுக்கம் இருக்குங்க. அது கொஞ்சம்...”

“நடுக்கமாம்! நான் மயிரிழை மயிரிழையா நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன், இவரு நடுவுல உக்காந்து மூச்சு வாங்குறாரு!”

மாடியே சிரித்தது. அவர் கண்முன்னாலேயே வரியை அழித்தாள். இயந்திரம் ஜோராக ஓடியது. அவள் நேரே மேலாளர் ஐசெலே அம்மாளிடம் போய், “இந்த ஆளு தேறமாட்டான்” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஹென்ட்ரிக் இன்னும் வேலையில் நிரந்தரமாகவில்லை. வெள்ளிக்கிழமை முடிவு சொல்லும் நாள். மனைவி மக்களை அப்போதுதான் ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தார்.

வியாழக்கிழமை கெர்லிண்டே அளவை வரிகளை நீக்கினாள். அடக் கடவுளே! பிரெட்சலுக்குப் பதில் மண்புழுக்கள் கட்டிப்புரண்டு சண்டை போட்டதுபோல் என்னவோ வந்து விழுந்தது. வரிகளைத் திரும்பச் சேர்த்தாள், அழகான பிரெட்சல். நீக்கினாள், மண்புழு.

அப்புறம்தான் உறைத்தது. அவளுடைய அளவை வரிகள் ஓடுவதற்கே துளி நேரம் பிடித்தது. சென்சாரின் நடுக்கம் அடங்க அந்தத் துளி போதுமானதாக இருந்தது. ஹென்ட்ரிக்கின் வரியை அழித்துவிட்டு, அதே காத்திருப்பைத் தன் கையாலேயே திரும்பப் போட்டிருக்கிறாள், அதுவும் தெரியாமல்!

வரிகளை அப்படியே விட்டுவிட்டால் போதும். இயந்திரம் ஓடும், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது, திமிரும் பிழைக்கும். ஹென்ட்ரிக் ஊருக்குப் போவார். அவள் நிமிர்ந்து பார்த்தபோது, அவர் மேசையில் ஒட்டியிருந்த, தன் பிள்ளை வரைந்த ஓவியத்தைக் கிழியாமல் உரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கெர்லிண்டேயை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை பெரிய காகிதப் பையோடு வந்தாள்.

“யாருக்குப் பொறந்தநாள்?” என்றார் ஐசெலே அம்மாள்.

“யாருக்கும் இல்ல. மிஷினைக் கெடுத்தது நான். இவன் வரி சரிதான், திரும்பப் போட்டாச்சு. நான் சொன்னதை மறந்துடுங்க. யாராவது பல்லைக் காட்டினீங்க, பிரெட்சலைப் பிடுங்கிடுவேன்.”

யாரும் பல்லைக் காட்டவில்லை. பயம்.

ஐசெலே அம்மாள் ஹென்ட்ரிக்கிடம் திரும்பினார். “அப்படி என்ன வரி அது? நீயே சொல்லு, கேப்போம்.”

ஹென்ட்ரிக் தொண்டையைக் கனைத்தார். சென்சாரில் ஆரம்பித்தார். நடுக்கத்துக்கு வந்தார். நடுவில் சொல் கிடைக்காமல் நின்றார். அந்தச் சொல் கெர்லிண்டேயின் நாக்கு நுனியில் இருந்தது. வாய் திறந்தது. கையிலிருந்த பிரெட்சலில் பாதியை அந்த வாயில் திணித்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை மென்றாள்.