ஐந்தாம் நாள் பை

ஐசியுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டக்கா. ரத்த வங்கியில் கேட்டதும் பையைத் தூக்கிக் கொடுக்காமல் நாலு கேள்வி கேட்பாள். பதினெட்டு வருஷமாகக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

அன்று காலை, ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் பை ஒன்றே ஒன்றுதான் மஞ்சளாகக் கிடந்தது. ஐந்து நாள்தான் அதன் ஆயுள்; மறுநாள் காலை பத்து மணியோடு சரி. புதுப் பை அதற்குப் பிறகுதான் வரும். கீழே பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன்; ரத்தப்போக்கு வரலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

போன் அடித்தது. ஐசியு சின்ன டாக்டர்.

"அக்கா, பிளேட்லெட் ஒண்ணு வேணும். அவசரம்."

"யாருக்கு ரத்தம் போகுது, தம்பி?"

"யாருக்கும் போகல. மூணாம் பெட் ஐயாவுக்குக் கழுத்து நரம்புல ட்யூப் போடணும். பிளேட்லெட் கவுண்ட் முப்பதாயிரம்தான் இருக்கு. ஒரு பாதுகாப்புக்கு."

அந்த 'ஒரு பாதுகாப்புக்கு' காதில் விழுந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரமும் அதே பாதுகாப்புக்கு, உறைய வைத்திருந்த பிளாஸ்மாவை உருக்க வைத்தார்கள். பிறகு ட்யூபே வேண்டாம் என்றார்கள். உருக்கியது குப்பைக்குப் போனது.

"ஸ்கேன்ல பாத்துக் குத்தலாமே?"

"கசிஞ்சா நீங்களா வந்து அழுத்துவீங்க?"

"கூப்பிடுங்க, வர்றேன். எனக்கும் ரெண்டு கை இருக்கு. இருக்கிறது ஒரே பை, கீழ ஒரு பொண்ணு காத்திருக்கா. பெரிய டாக்டர்கிட்ட கேளுங்க. அவர் குடுன்னா குடுத்துடுறேன்."

போனை வைத்தாள். இந்த எண்ணிக்கைக்கு ஏற்றாமலே குத்தலாம் என்றும் படித்திருக்கிறாள். ஏற்றினால் கசிவு குறையும் என்றும் படித்திருக்கிறாள். பெரிய படிப்பு படித்தவர்களே அடித்துச் சொல்லாத விஷயத்தில் நான் எதற்கு மல்லுக்கு நிற்கிறேன்?

பெரிய டாக்டர் பை இல்லாமலே ட்யூபைப் போட்டுவிட்டார். கசிந்தது. சின்ன டாக்டர்தான் இருபது நிமிஷம் பஞ்சை வைத்து அழுத்தினான், நின்றது. கீழே அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கே இல்லை. தாயும் பிள்ளையும் சுகம்.

வீட்டில் புருஷன் கேட்டான்: "இன்னிக்கு யார்கூட சண்டை?"

"சாப்பாட்டைப் போட்டுக்கிட்டு சாப்பிடுங்க."

மறுநாள் பத்து மணிக்கு சின்ன டாக்டரே இறங்கி வந்தான். அவள் காலாவதியான அந்தப் பையை மஞ்சள் கழிவுக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தானா அக்கா அவ்வளவு சண்டை? ஐயாவுக்கே ஏத்தியிருக்கலாம்ல?"

நேற்று இது தெரியுமா என்று கத்த வாயெடுத்தாள். கூடையின் மூடியை ஓங்கி அடித்து மூடினாள்.

"ஐயா கழுத்து எப்படி இருக்கு?"

"நீலம் பாரிச்சுக் கிடக்கு."

"வலிக்குதாமா?"

"திரும்பும்போது."

கையுறையைக் கழற்றினாள். போன் அடிக்கத் தொடங்கியது.