திருச்செங்கோடு போகாத பச்சை பஸ்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறைக்கு ஓடி வந்தவன் நான். எனக்கும் எழுத்துக்கும் என்ன பேச்சு? என் மகள்தான் விடவில்லை. "ஊருல எல்லாரையும் கிண்டல் பண்றீல்லப்பா, உன்னையும் ஒருக்கா பண்ணு" என்றாள். சரி, பண்ணிவிடுகிறேன்.

முதலில் என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். எனக்குப் படிக்க வராது. அடியோடு வராது என்றில்லை. ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். எழுத்தெல்லாம் அறுந்த நூல் மாதிரி ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும். இதை யாருக்கும் தெரியாமல் இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன். ஓட்டலில் மெனு கார்டு கொடுத்தால் பக்கத்து ஆளைப் பார்த்து "நீ சொல்றதே எனக்கும்" என்பேன். பேங்கில் ஃபாரம் கொடுத்தால் கூட வந்த சிநேகிதன் கையில் திணித்து, "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குமேடா, நீயே எழுது" என்பேன். ஒரு ஃபாரத்துக்கு ஒரு டீ, ஒரு போண்டா. பாவம், தன் கையெழுத்து உண்மையிலேயே அழகு என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். யாராவது கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் முந்திக்கொண்டு கிண்டல் செய்துவிடுவேன். சிரிக்கிறவன் கேள்வி கேட்க மாட்டான்.

என் மனைவிக்குக்கூட என்னைச் சோம்பேறி என்றுதான் தெரியும்.

மகள் பாப்பா நாலாம் வகுப்பு படித்தபோது டீச்சர் என்னையும் என் மனைவியையும் வரச் சொன்னார்.

"பேச்சுல கெட்டிக்காரிங்க. காதுல கேட்டது ஒண்ணையும் மறக்க மாட்டா. ஆனா புத்தகத்தப் பாத்துப் படின்னா, போன வாரம் நடத்துன பாடத்தச் சொல்றா" என்றார்.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ள ரேடியோ மாதிரி. நீங்க ஸ்டேஷன மாத்தி வெச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "பசங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்படியே அஞ்சாவது போனா அவளே தன்னை மக்குன்னு நெனச்சுக்குவா" என்று சொல்லி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இதற்கென்றே பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் அந்தச் சட்டையை நானே துவைக்கப் போட்டேன். சீட்டு கூழாகிவிட்டது.

வேண்டுமென்றே செய்தேனா? ஆமாம். பாப்பா கண் முன்னால் எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். என் கண் முன்னாலும் அதுதானே ஓடுகிறது! அவளைப் பிடித்தால் அடுத்து என்னைப் பிடிப்பார்கள். அவ்வளவுதான் என் வீரம்.

அடுத்த மாதம் வெண்ணந்தூர் கோயிலில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும்; மடி வராமல் ஊசி எடுக்க மாட்டார்கள். என் மனைவி முதல் நாளே போய்விட்டாள். காலையில் நானும் பாப்பாவும் கிளம்பினோம். முதலில் திருச்செங்கோட்டுக்குப் போய், அங்கே பஸ் மாற வேண்டும்.

பஸ் போர்டை நான் படிப்பதில்லை. பச்சை பஸ் என்றால் திருச்செங்கோடு, மஞ்சள் என்றால் சங்ககிரி. என் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. பச்சை வந்தது. இருந்தாலும் பக்கத்தில் படித்த பிள்ளை இருக்கிறதே என்று, "சாமி, போர்டப் பாரு" என்றேன்.

"திருச்செங்கோடுதாம்ப்பா, ஏறு" என்றாள் பாப்பா.

முகூர்த்த நாள் கூட்டம். ஜன்னல்கூடத் தெரியவில்லை. கண்டக்டர் எங்களிடம் நீந்தி வந்து சேர்வதற்குள் வெகுதூரம் வந்துவிட்டோம்.

"திருச்செங்கோடு ஒண்ணரை."

"ஏனுங்க, போர்டு பாத்து ஏறமாட்டீங்களா? இது சங்ககிரி வண்டிங்க."

"பச்ச வண்டிதானுங்களே?"

"நேத்துல இருந்து பச்ச வண்டிய இந்த ரூட்டுல உட்டுருக்காங்க. கலரப் பாத்தா ஏறுவாங்க? எறங்குங்க, எறங்குங்க!"

நடு ரோட்டில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம்.

"போர்டுல என்ன சாமி போட்டிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பச்சயா இருந்துச்சு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "நீயும் கலரத்தானப்பா பாத்த? நீ எப்பவுமே போர்டு பாக்க மாட்ட. எனக்குத் தெரியும். அம்மாகிட்டக்கூட நான் சொல்லல" என்றாள்.

எதிர்ப்பக்க பஸ் வருகிறதா என்று நான் ரோட்டை எட்டிப் பார்த்தேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து நெடுநேரம் ஆகியிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை அழுதுகொண்டிருந்தான். காது குத்த வந்த ஆசாரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"ஏன் மச்சான், உங்ககிட்ட மடி ஒண்ணுதான் கேட்டோம். அதக்கூட நேரத்துக்குக் கொண்டாரக் கூடாதா?"

"பஸ்ஸு டயர் வெடிச்சுருச்சு மாப்ள" என்றேன்.

"ஆமாங்க மாமா!" பாப்பா முன்னால் வந்து நின்றாள். "பின் டயரு, டமார்னு வெடிச்சுது. ஒரு ஆயா பயந்து அழுதே போட்டாங்க. நாங்க பாதி வழி நடந்தே வந்தோம்."

எல்லோரும் நம்பிவிட்டார்கள். பாப்பா என் பக்கம் திரும்பி லேசாகக் கண்ணடித்தாள்.

அரை நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி அவளிடம் என்னையே பார்த்தேன். என் குரல், என் பொய், என் கண்ணடிப்பு. நான் பன்னிரண்டு வயதில் கற்றதை இவள் ஒன்பதிலேயே கற்றுவிட்டாள். இன்னும் இருபது வருடம் கழித்து இவளும் யாருக்காவது டீ போண்டா வாங்கிக் கொடுத்து ஃபாரம் எழுதச் சொல்லப் போகிறாள்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் வாயைத் திறந்தேன்.

"டயரெல்லாம் வெடிக்கல மாப்ள. எனக்குப் போர்டு படிக்க வராது. பாப்பாவுக்கும் வராது. ரெண்டு பேரும் கலரப் பாத்து ஏறி, சங்ககிரி ரோட்டுல போய் நின்னோம்."

குழந்தைகூட ஒரு கணம் அழுகையை நிறுத்தினான். தங்கை வீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.

"அடப்பாவி மச்சான்! அதுக்குத்தானா ஓட்டல்ல எப்பப் பாத்தாலும் 'நீங்க சொல்றதே எனக்கும்'? நான் சொன்னேன்னுதானா பாவக்கா வறுவலும் தின்னீங்க?"

"மூணு தடவ தின்னேன் மாப்ள."

கோயிலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"அந்த விலாசச் சீட்டு எங்கீங்க?"

"தண்ணில போயிருச்சு."

"தெரியும். நாந்தானே சட்டைய அலசுனேன்? அன்னைக்கே டீச்சர்கிட்ட இன்னொண்ணு எழுதி வாங்கிட்டேன். நீங்களா வாயத் தொறக்கட்டும்னுதான் இருந்தேன்."

அடுத்த வாரமே சேலத்துக்குப் போனோம். ஃபேர்லேண்ட்ஸ் அம்மா பாப்பாவை இரண்டு மணி நேரம் பேச வைத்து, எழுத வைத்து, படம் காட்டிப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். "அறிவுல ஒரு குறையுமில்லீங்க. எழுத்தையும் சத்தத்தையும் சேக்குறதுக்கு அவளுக்கு வேற வழி வேணும். இதுக்கு டிஸ்லெக்சியான்னு பேரு" என்றார்.

"படிக்க வராதவங்களுக்கு வெச்ச பேரப் பாருங்க, சொல்லவே வரமாட்டீங்குது" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "நோய் இல்லீங்க, மருந்தும் இல்ல. மெதுவாத்தான் படிப்பா. ஆனா படிப்பா. நீங்களும் கூட உக்காந்தா நல்லது" என்றார்.

அட்டையில் ஜன்னல் மாதிரி ஒரு சின்ன ஓட்டை வெட்டி, ஒரு தடவைக்கு ஒரு சொல் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துப் படிக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பாப்பா அட்டையைத் தள்ளிவிட்டாள். "முழுப் பக்கத்தப் பாத்தாலே பயமா இருக்குதுப்பா" என்றாள்.

அவளைத் தறிப்பட்டறைக்குக் கூட்டிப் போனேன். அன்று ஒரு தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், தீர்ந்திருந்தது. பழைய பாவின் நூல் முனையோடு புதுப் பாவின் நூலை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பாவு பிணைப்பது என்போம். ஆயிரக்கணக்கான இழை.

"இத்தனையும் எப்படிப்பா?" என்றாள்.

"மொத்தமாப் பாத்தா நானும் ஓடிப் போயிருவேன் சாமி. நான் பாக்குறது ஒரே ஒரு இழை. இத முறுக்குனா, அடுத்தது தானா கைக்கு வரும்."

கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்து முதல் சொல்லின் மேல் வைத்தாள். "இது ஒரு இழை" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படிப்புக்குப் பேரே பிணைக்கிறதுதான். அவள் பத்து இழை பிணைத்தால் நானும் பத்து பிணைக்க வேண்டும். நான் ஏமாற்றினால் குட்டு. அந்தக் கை அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

டீச்சரும் கை கொடுத்தார். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் பாப்பாவை வாயால் பதில் சொல்ல விட்டார். அவள் சொன்ன பதிலைக் கேட்டு, முன்பு சிரித்த பையன்கள் பரீட்சைக்கு முந்தின நாள் அவளிடம் பாடம் கேட்க வந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு அவள் அழாமல் போனாள்.

போன வாரம் மறுபடி வெண்ணந்தூர் போக பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஒரு சிவப்பு பஸ் வந்தது. என் கணக்கில் இல்லாத நிறம். பாப்பா போர்டின் முன்னால் போய் நின்று விரல்களையே அட்டை ஜன்னல் மாதிரி காற்றில் பிடித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஒரு காலைப் படியில் வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறுங்க, இல்லீன்னா எறங்குங்க!" என்றார் கண்டக்டர்.

"ஒரு நிமிஷமுங்க, எம்புள்ள படிக்குது."

"என்னது?"

"போர்டு படிக்குதுங்க!"

ஜன்னலெல்லாம் தலை நீண்டது. "தி... ரு..." என்றாள். உள்ளேயிருந்து யாரோ மீதியைச் சொல்ல வாயெடுக்க, கண்டக்டரே "சும்மா இருங்க, புள்ள சொல்லட்டும்" என்று அதட்டினார். "செங்... கோ... டு. திருச்செங்கோடு! ஏறுப்பா!"

ஏறினேன். சரியான பஸ்.

இதை நான் ஃபோனில் பேசப் பேச அதுவே எழுதிக்கொண்டது. பாப்பா மூன்று சாயங்காலம் அட்டை வைத்து எனக்கு முழுக்கப் படித்துக் காட்டினாள். பிறகு, இருபது வருடம் எனக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்த அந்தச் சிநேகிதனுக்குத்தான் முதலில் அனுப்பினேன். அவன் பதிலை நானே, யார் உதவியும் இல்லாமல், ஒவ்வொரு இழையாகப் பிணைத்துப் படித்தேன்:

"அப்ப இனிமே எனக்கு டீயும் போண்டாவும் கெடையாதாடா?"