பன்னிரண்டு வருஷப் பாலம்

தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்ததால் அவளை எல்லோரும் பஞ்சரக்கா என்றே கூப்பிட்டார்கள். கணவன் இறந்ததும் கடையை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "டயரக் கழட்ட மீசையா வேணும்?" என்று கேட்டு வாயடைத்தவள்.

கடைக்கு எதிரே ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் அவள் மகள் மயிரிழையில் தப்பினாள். பள்ளிப்பைதான் ரயிலில் சிக்கிக் கிழிந்தது. அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள், தலைகீழாக நின்றாவது அங்கே ஒரு நடைபாலம் கொண்டுவருவது என்று.

தொகுதி மெம்பர் பல தேர்தல் கண்டவர். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"பாலம் வராம என் ஓட்டு உங்களுக்குக் கிடையாது."

கூட வந்தவர்கள் முறைத்தார்கள். அவர் சிரித்துவிட்டார்.

"ஓட்டுப் போடாட்டிப் பரவால்லம்மா. திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க. வந்துக்கிட்டே இருங்க. நீங்க விட்டுட்டா நானும் மறந்துருவேன்."

அவள் விடவில்லை. திங்கட்கிழமை காலையென்றால் கடை பூட்டிக் கிடக்கும். ரயில்வேக்காரர்கள் நகராட்சியைக் கைகாட்டினார்கள், நகராட்சி ரயில்வேயைக் கைகாட்டியது. அவள் சத்தம் போடுவாள், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திட்டி முடிச்சாச்சா? சரி, இப்ப யாருக்குப் போன் போடலாம் சொல்லுங்க" என்பார்.

நடுவில் ஒரு தேர்தலில் அவர் தோற்றுப்போனார். இனி என்ன செய்வது என்று அவள் கலங்கியிருந்த நேரத்தில், கையில் ஒரு பையோடு அவரே கடை வாசலில் வந்து நின்றார்.

"பதவி போச்சு. கால் இருக்குல்ல? வாங்க, போவோம்."

ரயில்வே அலுவலக வராந்தாவில் இருவரும் மதியம் வரை உட்கார்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் எழுந்து நின்ற குமாஸ்தா இப்போது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் பொருமினாள்.

"இருக்கட்டும் விடுங்க," என்றார் அவர். "பதவில இருந்தப்போ இங்க ஒரு பெஞ்சு இருக்கறதே எனக்குத் தெரியாதும்மா."

அடுத்த முறை அவர் ஜெயித்தார். அந்த முறை அவள் ஓட்டும் அவருக்கே விழுந்தது. அதன்பிறகும் அடி மேல் அடி வைத்துத்தான் பாலம் வந்தது.

அவர் இறந்தபோது கட்சிக் கிளைச் செயலாளர் கடைக்கு வந்தார்.

"அக்கா, இரங்கல் கூட்டத்துல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். கேட்ட உடனே பாலம் கட்டிக் குடுத்தாருன்னு சொல்லிடுங்க."

"உடனேயா? பன்னெண்டு வருஷம் ஆச்சேய்யா!"

"அதச் சொன்னா தலைவருக்கு மரியாதையா இருக்காதே."

"உள்ளதச் சொல்றதா இருந்தா வரேன். இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். ஆனாலும் கூட்டத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறினாள். மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் தடவை நான் இவருக்கு ஓட்டே போடல," என்று ஆரம்பித்தாள். "பாலத்துக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. சட்டுனு முடிஞ்ச வேலைய யாரு வேணா செய்வாங்க. முடியாத வேலையப் பாதியில விட்டுட்டு ஓடாம இருந்தாரு பாருங்க, அதுக்குத்தான் நான் இங்க வந்து நிக்கிறேன். தோத்த பிறகும் எங்கூட பெஞ்சுல உக்காந்தாரு."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். இறங்கிவிட்டாள்.

அவருடைய மனைவி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். "நீங்கதானா அது? திங்கக்கிழமையானா வீட்ல, 'சீக்கிரம் டிபனை வை, அந்தம்மா வந்து கத்தப் போறாங்க'ன்னு பறப்பாரும்மா."

அதுவரை அழாத பஞ்சரக்கா அப்போதுதான் உடைந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

இப்போது ஊருக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வேண்டுமென்று புது மெம்பரிடம் போய்வருகிறாள். அவர் இன்னும் பிடிகொடுக்கவில்லை. "புதுசுல்ல, பழகிக்குவாரு" என்கிறாள்.